இருபத்துநாலு ஆமைகளுக்கு விளக்கம் எழுதிய கதை

மற்றவர் எழுதிய கணினி நிரலுக்கு விளக்கம் எழுதுவது, மற்றவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவது போன்ற வேலை. கழுவி வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. கழுவாமல் விட்டால் ஊருக்கே தெரியும். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் பக்கத்தில் வந்து இருங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். செய்து பார்க்காதவர்களும் இருக்கலாம், ஆனால் சிரிப்பதாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மேல்மாடியில், சனி ஞாயிறுகளில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கணினி, இருபத்துநாலு பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள், பென்சன் எடுத்தவரும் இருந்தார். புதிதாக வருபவர்களுக்கு முதல் பாடம் ஆமை. ஆமை என்றால் திரையில் ஒரு சின்ன முக்கோணம், அவ்வளவுதான். அது ஒரு பேனையை இழுத்துக்கொண்டு திரிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூறு முன்னே போ, தொண்ணூறு பாகை வலம் திரும்பு என்று நாலு தரம் எழுதிக் கொடுத்தால் சதுரம் கீறும். இன்னும் கொஞ்சம் எழுதினால் பூக் கீறும், கோலம் கீறும். பிள்ளைகளுக்கு அதில் ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்துக்கு விளக்கம் எழுதச் சொன்ன நாளில்தான் என் சந்தோசம் போனது.

சொன்னவர் குகன் அண்ணை. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சங்கத்தின் தலைவர். கணினிகளையும் என் சம்பளத்தையும் கொடுப்பது அந்தச் சங்கம். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்குப் போய்விட, வகுப்பு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. அந்தக் கோபம் அண்ணைக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே ஒரு நிபந்தனை வைத்தார். இருபத்துநாலு பேரின் நிரல்களையும் விளக்கத்தோடு ஒரு புத்தகமாகப் போடவேண்டும். அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது, கணினியைத் தொட்டே இராத ஒருவரை அந்தப் புத்தகத்தோடு இருத்துவார். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு பூவைக் கீறி முடிக்கவேண்டும். முடித்தால் சங்கத்தின் உதவி தொடரும். முடிக்காவிட்டால் கணினிகள் வேறு ஊருக்குப் போகும். கணினி போனால் வகுப்புப் போகும், வகுப்புப் போனால் நானும் போவேன். நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் எனக்கு வேறு வேலை தெரியாது. அதோடு அந்த இருபத்துநாலு பேரையும் எனக்குப் பிடிக்கும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே உள்ளதைப் படித்தால் உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

கோயில் பக்கம் நூறு

அவரவர் நிரலுக்கு அவரவரே முதலில் குறிப்பு எழுதட்டும், நான் திருத்திக்கொள்கிறேன் என்று நினைத்தேன். நானாகத்தான் நினைத்தேன், ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் முதலில் திருத்த எடுத்தது கொடிகாமத்திலிருந்து வரும் பிரியந்தியின் குறிப்பை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. ‘ஆமை கோயில் பக்கம் நூறு போகும். பிறகு மேலே ஐம்பது போகும். பிறகு சந்தைப் பக்கம் நூறு போகும்’ என்று எழுதியிருந்தாள்.

எங்கள் வகுப்பில் கணினிகள் இரண்டு சுவரோரமும் இருந்தன. வடக்குச் சுவரைப் பார்த்து இருப்பவர்களுக்குக் கோயில் இடது கைப் பக்கம். தெற்குச் சுவரைப் பார்த்து இருப்பவர்களுக்கு வலது கைப் பக்கம். பிரியந்திக்குப் பின்னால், முதுகோடு முதுகாக இருந்த சர்மிளாவும் கோயில் பக்கம் நூறு என்றுதான் எழுதியிருந்தாள். ஒருத்தியின் ஆமை இடம் போனது, மற்றவளின் ஆமை வலம் போனது, இரண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே கோயிலுக்கு. எங்கள் பக்கத்தில் வழி கேட்டாலும் கிழக்காலை போ, மேற்காலை திரும்பு என்றுதான் சொல்வோம். அது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் புத்தகத்தை ரொறன்ரோவில் வைத்துப் பார்க்கிறவர் எங்கள் கோயிலை எங்கே போய்த் தேடுவார்?

எல்லாவற்றையும் இடம், வலம் என்று மாற்றி எழுதச் சொன்னேன். பிரியந்தி பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “வலம் எண்டால் ஆருக்கு வலம் சேர், எனக்கோ ஆமைக்கோ? கோயில் எண்டால் எல்லாருக்கும் ஒரு கோயில்தானே.”

தொடக்கூடாத வரி

மயூரனின் நிரல் அறுபத்திரண்டு வரி. சங்குபோல ஒரு சுருளைக் கீறும். உண்மையிலேயே வடிவான சுருள். விளக்கம் என்று ஒன்றும் எழுதவில்லை. நிரலின் நடுவில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: ‘இந்த வரியைத் தொட வேண்டாம், அம்மாவாணை.’

அந்த வரியில் ஏழு என்ற எண்ணுக்கு ஒரு பெயர் வைத்திருந்தான், அவ்வளவுதான். அந்தப் பெயர் நிரலில் வேறெங்கும் வரவில்லை. பயன்படாத வரிக்கு நான் எப்படி விளக்கம் எழுதுவது? அழித்தேன். சுருள் ஒரு மூலையில் போய் முடிச்சு விழுந்துகொண்டது. அரைநாள் தேடிய பிறகுதான் அந்த எண்ணை எடுத்துப் பாவிப்பது இன்னொரு கோப்பு என்று கண்டுபிடித்தேன். கோப்பின் பெயர் ‘புதிசு 2’. ‘புதிசு 1’ எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவன் கோபிக்கவில்லை. நான் இப்படியெல்லாம் செய்வேன் என்று முன்பே தெரிந்தவன் மாதிரி அமைதியாகச் சொன்னான். “எழுதித்தானே வைச்சனான் சேர்.”

வழி வாய்க்கால் பாத்தியதை

கனகசபை ஐயா முப்பது வருடம் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதும் கிளாக்கராக இருந்தவர். மகள் லண்டனிலிருந்து மடிக்கணினி அனுப்பிவிட்டாள், வந்த பொருளைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று வகுப்பில் சேர்ந்தார். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று கீறுவார். கோடுகள் அளந்து போட்டதுபோல இருக்கும். இருபத்துநாலு பேரில் நான் கேட்ட நாளிலேயே விளக்கம் கொண்டுவந்து தந்தவர் அவர் ஒருவர்தான். கையில் வாங்கும்போது எனக்குக் கண்ணீர் வராத குறை.

வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். ‘மேற்படி திரையில் அமைந்துள்ளதும், கிழக்கே முற்கூறிய ஆமை கீறிய கோட்டையும், வடக்கே அதே ஆமை கீறிய மற்றொரு கோட்டையும், மேற்கே’ என்று தொடங்கி ஒன்றேகால் பக்கத்துக்குப் போயிருந்தது. ‘இதனுள் அடங்கிய யாவும்’ என்று முடிந்தது. முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். இதில் பெரிய துயரம் என்னவென்றால், பிழை ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கோடும் இருந்தது, ஒவ்வொரு பாகையும் இருந்தது. மூச்சு மட்டும்தான் இல்லை.

மறுநாள் அவரோடு இருந்து வெட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு ‘மேற்படி’யும் போகும்போது அவருக்குப் பல் பிடுங்குவது மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுத்தார். கடைசியில் ஓரிடத்தில் மட்டும் அசையமாட்டேன் என்றார். வெளிச் சதுரம் கீறி முடிந்ததும் ஆமை பேனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அடுத்த சதுரத்தைத் தொடங்கும். அந்த இடத்தில், மேற்படி ஆமைக்குத் தென்கிழக்கு மூலையால் உள்ளே போய்வர வழி வாய்க்கால் பாத்தியதை உண்டு என்று எழுதியிருந்தார். பேனை மேலே இருக்கிறது, கோடு விழாது, ஆகவே இது தேவையில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “பேனையைத் தூக்கிக்கொண்டு போனாலும் மற்றவன்ரை எல்லைக்குள்ளாலைதானே தம்பி போகுது. பாதை எழுதாமல் விட்டால் நாளைக்கு வழக்கு, அப்ப நீர்தான் வந்து சாட்சி சொல்லோணும்.”

பஸ்ஸுக்கு ஐந்து முனை

விளக்கம் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள் என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை ஒரு மாதிரி விளக்கத்தைப் பலகையில் எழுதிப்போட்டேன். ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றுக்கு ஏழு வரியில் விளக்கம். இதேபோல உங்கள் உங்கள் படத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அந்த அமைதியைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு பேர் விளக்கம் கொண்டுவந்தார்கள். முதலாவதைப் பார்த்தேன், படம் தாமரை, விளக்கம் நட்சத்திரம். இரண்டாவது, படம் மீன், விளக்கம் நட்சத்திரம். பதினொன்றும் நட்சத்திரம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எங்கள் பிள்ளைகள் ரியூசனில் வளர்ந்தவர்கள் என்பதை நான் மறந்துபோனேன். மாஸ்டர் சொன்னதை எழுதி, எழுதியதைப் பாடமாக்கி, பாடமாக்கியதைத் திரும்ப எழுதினால் புள்ளி. அப்படித்தான் நானும் படித்தேன், ஆகவே ஏசுவதற்கு வாய் வரவில்லை.

நிரோஜன் ஒரு பஸ் கீறியிருந்தான். சில்லு, யன்னல், நெற்றியில் ஊர்ப்பெயர்கூட இருந்தது. அதன் கீழே, ‘இவ்வாறு ஐந்து முனைகளும் பூர்த்தியாகின்றன’ என்று இருந்தது. இந்த பஸ்ஸுக்கு ஐந்து முனை எங்கே அப்பன் என்று கேட்டேன். அவன் பஸ்ஸையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். “நீங்கள் தந்த நோட்ஸ் நட்சத்திரத்துக்குத்தானே சேர் இருந்தது. பஸ்ஸுக்கு நோட்ஸ் தந்திருந்தால் பஸ்ஸுக்கு எழுதியிருப்பம்.”

கண்ணை மூடிக்கொண்டு

அந்தப் பதினொரு விளக்கங்களையும் நானே எழுதினேன். மிச்சத்தையும் நானே எழுதினேன் என்று சொல்லவும் வேண்டுமா? கனடாவிலிருந்து குகன் அண்ணை வாட்சப்பில் வாரம் தவறாமல் ‘எந்தளவிலை நிக்குது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். திருவிழாக் கொடி ஏறுவதற்கு ஒரு மாதமும் இல்லை. எல்லாம் முடிந்து சர்மிளாவின் கோலத்துக்குப் படம் எடுப்பது மட்டும் மிச்சம்.

அந்த வாரம் சர்மிளாவின் பெரியப்பா தவறிப்போனார். முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலும் இல்லை, கோலமும் இல்லை. செத்தவீடு முடிந்து இரண்டாவது கிழமை வகுப்புக்கு வந்துவிட்டாள். ஆனால் கோல நிரலை ஓடவிட மாட்டேன் என்றாள். ஓடவிட்டால் கோலம் விழும், துடக்கு வீட்டுப் பிள்ளை எப்படிக் கோலம் போடுவது? முப்பத்தொன்று முடியும்வரை பொறுத்தால் அச்சகம் பொறுக்காது. தாயாருக்குப் போன் எடுத்து விசாரித்தாள். மாஸ்டர் அழுத்தினால் அது மாஸ்டர் போட்ட கோலம், ஆனால் நீ பார்க்காதே என்று தீர்ப்பு வந்தது.

நான் அழுத்தினேன். அவள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். கோலம் பிழையாக வந்தது. ஒரு வளைவு மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. எந்த இடத்தில் என்று கேட்டாள். மூன்றாவது வரிசை, இரண்டாவது புள்ளி, அதன் மேற்பக்கம் என்றேன். அப்படி இருக்காதே, அந்தப் புள்ளிக்கு ஆமை எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமல் விரலால் காற்றில் கீறிப் பார்த்து, எந்த வரியில் எந்த எண்ணை மாற்றுவது என்று சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். அரை மணித்தியாலம் போனது. நான் கொடுத்த விளக்கங்களிலேயே ஒருவருக்கு உண்மையில் உதவியது அன்று வாயால் சொன்ன அந்த விளக்கம்தான், அது புத்தகத்தில் இல்லை. கடைசியில் வளைவு மூடிக்கொண்டது, சரி வந்துவிட்டது என்றேன். அவள் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. “வடிவாய் இருக்கோ சேர்? முப்பத்தொண்டு முடியப் பாக்கிறன்.”

செத்தது ஆர்

புத்தகத்தை அச்சுவேலியில் ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். முதலாளி இராசதுரை அண்ணை தானே எழுத்துக் கோர்ப்பார், தானே அச்சடிப்பார். அங்கே நடப்பது பெரும்பாலும் கலியாணக் கார்டும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலரும்தான். நினைவு மலரில் இறந்தவரின் படம், வம்சாவளி, பிள்ளைகள் புலம்பும் பாட்டு எல்லாம் வரும். பாட்டு வரிகளைப் பக்கத்தின் நடுவில் அழகாக வைத்து, ஓரத்தில் பூங்கொடி போடுவதில் அவருக்கு நல்ல பெயர்.

உங்களில் நிரல் எழுதுபவர்களுக்கு இனி என்ன நடந்திருக்கும் என்று தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் எழுதும் மொழியில் ஒரு கட்டளைக்குள் அடங்கும் வரிகள் நாலு எழுத்து உள்ளே தள்ளி இருக்கவேண்டும். அந்த இடைவெளி போனால் ஆமை அசையாது. ஒத்துப் பார்க்கும் பிரதி கைக்கு வந்தது. இருபத்துநாலு நிரலும் பக்கத்தின் நடுவில், பிள்ளைகள் புலம்புவதுபோல, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நாலு பக்கமும் பூங்கொடி. நான் அங்கேயே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். அண்ணை நல்ல மனிதர், ஒரு பிளேன்ரீ வரவழைத்துத் தந்தார்.

அதன்பிறகு நாலு தரம் பஸ் ஏறி அச்சுவேலிக்குப் போனேன். அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் உள்ளே தள்ளுவித்தேன். பூங்கொடியை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, அதை விட்டுவிட்டேன். கடைசி நாள் கட்டிய புத்தகங்களைக் கையில் தரும்போது, இத்தனை நாள் கேட்க நினைத்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எல்லாம் சரி தம்பி, இதிலை செத்தது ஆர் எண்டுதான் எனக்கு இன்னும் பிடிபடேல்லை.”

எட்டு இதழ்

குகன் அண்ணை வந்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் சங்கிலி, கையில் தண்ணீர்ப் போத்தல். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பரீட்சைக்கு ஆளைத் தானே தேடுவேன் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனவர், தையல் கடை வசந்தி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வசந்தி அக்கா எங்களுக்குக் கீழே பத்து வருடமாகக் கடை வைத்திருப்பவர். கணினியைத் தூசு தட்டக்கூடத் தொட்டதில்லை. இந்த வகுப்பு இருக்குமா போகுமா என்று நாங்கள் படியில் நின்று கதைத்தது முழுக்க அவருக்குத் தெரியும், மெசினை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

புத்தகத்தில் ஆறு இதழ்ப் பூ ஒன்றுக்கு நிரலும் விளக்கமும் இருந்தன. அதைப் பார்த்து எட்டு இதழ்ப் பூக் கீறவேண்டும் என்றார் அண்ணை. விளங்காவிட்டால் கேளுங்கோ அக்கா, கூச்சப்படாதையுங்கோ என்று நான் சொன்னேன். நேர்மையாகத்தான் சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் கேட்டுவிடக்கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். முதலாம் பக்கம் போனது, இரண்டாம் பக்கம் போனது. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு இதழுக்குப் பிறகும் ஆமை எவ்வளவு திரும்பவேண்டும் என்பதைச் சொல்லும் பக்கம் அது. புத்தகத்திலேயே நான் அதிகம் பாடுபட்ட பக்கம், ஒன்பது தரம் எழுதியது. அக்கா அதை வாசித்தார், திரும்ப வாசித்தார், கூரையைப் பார்த்தார். சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தார். பத்து நிமிடம் போயிருக்கும். என் இருபத்துநாலு பேரும் சுவரோரமாய் நின்றார்கள்.

பிறகு நாற்பத்தைந்து என்று தட்டினார். ஆமை புறப்பட்டது. ஒரு இதழ், இரண்டு இதழ் என்று எட்டும் வந்து சரியாக மூடிக்கொண்டன. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. எட்டு மாதமாக எவரும் என்னுடைய ஒரு வசனத்தையும் முழுதாக வாசித்து நான் கண்டதில்லை. குகன் அண்ணை என் தோளில் தட்டினார், அவர் முகத்திலும் சந்தோசம் இருந்தது. “இதுதான் தம்பி புத்தகம். இனி ஆர் பிரான்சுக்குப் போனாலும் எங்களுக்குக் கவலையில்லை.”

கீழே இறக்கிய நாள்

குகன் அண்ணை சொன்னதன் அர்த்தம் எனக்கு இரண்டு நாள் கழித்து, போனில் விளங்கியது. சங்கத்தின் உதவி தொடரும், அதில் மாற்றமில்லை என்றார். புத்தகத்தை வைத்து ஒருவர் தானாகவே படிக்கலாம் என்பது கண்ணால் கண்ட விசயம். ஆகவே பன்னிரண்டு கணினியையும் ஒரே இடத்தில் பூட்டி வைத்திருப்பதில் நியாயமில்லை, ஆறு ஊர்களின் சனசமூக நிலையங்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்துவிடுவோம், ஒவ்வொன்றோடும் பத்துப் புத்தகம். வகுப்பு இந்த மாதத்தோடு போதும். என்னைப் பற்றிச் சங்கத்தில் எல்லோரும் பெருமையாகக் கதைக்கிறார்களாம். அவர் ஒரு இடத்திலும் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கும் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

மாதக் கடைசி ஞாயிறு சாமான் ஏற்றும் பட்டா வாகனம் வந்து நின்றது. மயூரனும் நிரோஜனும் கணினிகளைப் பெட்டியில் போட்டுப் படியால் இறக்கினார்கள். பிரியந்தியும் சர்மிளாவும் வயர்களைச் சுற்றிக் கட்டினார்கள். கனகசபை ஐயா என்னென்ன போகிறது என்று ஒரு தாளில் எழுதிச் சாரதியிடம் கையொப்பம் வாங்கினார். நான் கடைசிப் படியில் நின்றேன். பன்னிரண்டு பெட்டியையும் இரண்டு தரம் எண்ணினேன்.

வாகனம் போன பிறகு வசந்தி அக்கா மெசினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். ஒன்று சொல்வேன், கோவிக்கக் கூடாது என்றார். அந்த மூன்றாம் பக்கத்தில் அவருக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லையாம். ஆறு துண்டு வைத்துத் தைத்தாலும் எட்டுத் துண்டு வைத்துத் தைத்தாலும் குடைப்பாவாடையின் சுற்று ஒன்றுதானே. ஆறு துண்டுக்கு அறுபது என்றால் எட்டுத் துண்டுக்கு நாற்பத்தைந்து என்று சேலைத் தலைப்பை மடித்துப் பார்த்துத் தானாகவே போட்டாராம். கேட்டிருக்கலாமே அக்கா என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த மனிசனுக்கு முன்னால், தம்பி எழுதியது விளங்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது என்றார். என் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குப் போன் கையில்தான் இருந்தது. குகன் அண்ணைக்கு எடுத்து, புத்தகம் ஒருவருக்கும் விளங்கவில்லை, பரீட்சை பிழை என்று சொல்லலாம். சொன்னால் நிபந்தனைப்படி உதவி நின்றுபோகும், கணினிகள் அந்த ஆறு ஊருக்கும் இல்லாமல் வேறெங்கோ போகும். சொல்லாவிட்டால் விளங்காத புத்தகம் ஆறு ஊருக்கும் போகும். இரண்டிலும் என் வகுப்பு இல்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கழுத்தில் அளவுநாடா தொங்கியது. எங்கேயோ ஒரு பிழை நடந்துவிட்டது என்று அவருக்கும் அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். “அப்ப நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீங்கள் இஞ்சை இருந்திருப்பியளோ தம்பி?”

ஒரு கேள்வியும் எழாத விளக்கத்தை எழுதுவது எப்படி என்று இந்தத் தொழிலில் கிடந்து உழலும் யாராவது என்னைக் கேட்டால், தமிழும் வேண்டாம், கணிதமும் வேண்டாம், வாசிப்பவருக்கு எங்கள்மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தால் போதும் என்றுதான் சொல்வேன்.